ஐந்து பிரிவுகளும் கணக்கில் வராத ஆறாவது கூட்டமும்

வெரோனிகா ராத் எழுதி 2011ஆம் ஆண்டு வெளியான ‘டைவர்ஜென்ட்’ என்னும் இளையோர் நாவலைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். பதில்களில் கதையின் திருப்பங்கள் வெளிப்பட்டுவிடும் என்பதால், நாவலை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் படித்த பிறகு இந்தப் பக்கத்துக்குத் திரும்புவது நல்லது.

கதை எதிர்காலச் சிகாகோவில் நடக்கிறது. மக்கள் ஐந்து பிரிவுகளாக வாழ்கிறார்கள். தன்னலத்தைத் துறந்தவர்கள் ‘அப்னிகேஷன்’, நல்லிணக்கத்தைப் பேணுபவர்கள் ‘அமிட்டி’, உண்மையை மட்டுமே பேசுபவர்கள் ‘கேண்டர்’, அச்சத்தை வென்றவர்கள் ‘டான்ட்லெஸ்’, அறிவைத் தேடுபவர்கள் ‘எருடைட்’. 16 வயதில் ஒவ்வொருவருக்கும் ஒரு சோதனை நடத்தப்படுகிறது. மறுநாள் ஊரார் முன்னிலையில் தங்கள் பிரிவை அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். நாயகி பீட்ரிஸ் அப்னிகேஷன் வீட்டுப் பெண். சோதனை அவளை எந்த ஒரு பிரிவிலும் அடக்க முடியாமல் தோற்றுப்போகிறது. அத்தகையவர்களுக்குத்தான் ‘டைவர்ஜென்ட்’ என்று பெயர். அதை வெளியே சொன்னால் உயிருக்கே ஆபத்து. அவள் டான்ட்லெஸ் பிரிவைத் தேர்ந்தெடுத்து, டிரிஸ் என்று பெயரையும் மாற்றிக்கொள்கிறாள்.

கேள்வி: இந்த நாவலில் பிறப்பை வைத்து யாரையும் கட்டிப்போடவில்லை. விரும்பிய பிரிவில் சேர்ந்துகொள்ளலாம். போரும் இல்லை. அப்படியிருக்க, இதை ஏன் டிஸ்டோபியா, அதாவது கேடுற்ற சமூகத்தின் கதை, என்று வகைப்படுத்துகிறார்கள்? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: நாவலைப் படிக்கும்போது முதல் 50 பக்கங்களில் எனக்கும் இதே எண்ணம்தான் இருந்தது. அந்த எண்ணம் நமக்கு வரவேண்டும் என்றே ஆசிரியர் எழுதியிருக்கிறார் என்பது பின்னர்தான் புரிந்தது.

தேர்வு விழாவில் மார்கஸ் ஈட்டன் என்னும் தலைவர் இந்த அமைப்பு பிறந்த கதையைச் சொல்கிறார். அரசியல் கொள்கையோ மதமோ இனமோ தேசியமோ போர்களுக்குக் காரணமல்ல, மனித இயல்பில் உள்ள குறைதான் காரணம் என்று முன்னோர்கள் முடிவுகட்டினார்கள். அந்தக் குறை எது என்பதில்தான் அவர்களுக்குள் கருத்து வேறுபட்டது. மூர்க்கத்தைக் குற்றம் சொன்னவர்கள் அமிட்டி ஆனார்கள். அறியாமையைச் சொன்னவர்கள் எருடைட் ஆனார்கள். வஞ்சகத்தைச் சொன்னவர்கள் கேண்டர். தன்னலத்தைச் சொன்னவர்கள் அப்னிகேஷன். கோழைத்தனத்தைச் சொன்னவர்கள் டான்ட்லெஸ். கேட்பதற்கு எவ்வளவு நேர்மையான ஏற்பாடாக இருக்கிறது பாருங்கள்! ஆட்சிப் பொறுப்பு தன்னலமற்றவர்களிடம், சட்டம் பொய் சொல்லாதவர்களிடம், காவல் அஞ்சாதவர்களிடம், வயலும் விளைச்சலும் அமைதியானவர்களிடம், கல்வியும் மருத்துவமும் அறிவாளிகளிடம்.

இனி இதன் விலையைப் பாருங்கள். தேர்வு ஒரே ஒரு முறைதான். ஐந்து பெரிய கிண்ணங்களில் சாம்பல் நிறக் கற்கள், தண்ணீர், மண், கனலும் நெருப்பு, கண்ணாடி ஆகியவை வைக்கப்பட்டிருக்க, 16 வயதுப் பிள்ளை தன் கையைக் கத்தியால் கீறி ஒரு கிண்ணத்தில் இரத்தத்தைச் சிந்த வேண்டும். வேறு பிரிவைத் தேர்ந்தெடுத்தால், பெற்ற வீடு அன்றோடு அந்நியமாகிவிடும். இரத்த உறவைவிடப் பிரிவே பெரிது என்பது அந்த ஊரின் வேதவாக்கு. பீட்ரிஸின் அண்ணன் கேலப், வீட்டில் எல்லாரும் பொறுமைக்கு இலக்கணமாகக் கருதிய பிள்ளை, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் கையை நீட்டி எருடைட் பக்கம் போய்விடுகிறான். அடுத்து வரும் பீட்ரிஸின் இரத்தம் நெருப்பில் விழுந்து பொரிகிறது. சில நிமிடங்களில் ஒரு வீடு தன் இரண்டு பிள்ளைகளையும் இழந்துவிடுகிறது.

இதைவிடவும் கொடியது ஒன்று உண்டு. அங்கேதான் என் பதிலின் மையம் இருக்கிறது. ஐந்து பிரிவுகள் என்று எல்லாரும் எண்ணிச் சொல்கிறார்கள், ஆனால் அந்த ஊரில் ஆறாவதாகவும் ஒரு கூட்டம் வாழ்கிறது. பிரிவைத் தேர்ந்தெடுத்த பின் நடக்கும் பயிற்சியில் தோற்றவர்களும் பிரிவுகளிலிருந்து வெளியேறியவர்களும் பிரிவற்றோர் ஆகிறார்கள். பிறர் செய்ய மறுக்கும் வேலைகளெல்லாம் இவர்கள் தலையில்தான். துப்புரவு செய்வதும் குப்பை அள்ளுவதும் கட்டடம் எழுப்புவதும் இவர்கள்; துணி நெய்வதும் பேருந்தும் ரயிலும் ஓட்டுவதும் இவர்கள். கூலியாகக் கிடைக்கும் உணவும் உடையும் போதுவதில்லை. டான்ட்லெஸ் பிரிவில் அந்த ஆண்டு பயிற்சிக்கு வந்த 20 பேரில் 10 பேருக்கு மட்டுமே இடம் என்று அறிவிக்கப்படும்போது, மீதிப் பேர் எங்கே போவார்கள் என்பது சொல்லாமலேயே எல்லாருக்கும் தெரிகிறது. சேர்வதற்கு உரிமை உண்டு, தோற்பதற்கு உரிமை இல்லை. இந்த நாவலின் சுதந்திரம் அவ்வளவுதான். பிறப்பைக் காரணமாகச் சொல்லி ஒருவரைத் தள்ளிவைக்கும்போது, அது அநீதி என்று அவர் குமுறவாவது முடியும். நீயே தேர்ந்தெடுத்தாய், நீயே தோற்றாய் என்று சொல்லித் தள்ளிவைக்கப்பட்டவருக்கு அந்தக் குமுறலும் மறுக்கப்படுகிறது.

ஒரு நற்பண்பை மற்ற நற்பண்புகளிலிருந்து பிய்த்தெடுத்துத் தனியே வளர்த்தால் அது என்னவாகும் என்பதையும் நாவல் காட்டுகிறது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதும் அறிவுதான் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்த ஊரிலோ, அச்சம் ஒரு பக்கமும் அறிவு ஒரு பக்கமும் இரக்கம் இன்னொரு பக்கமும் சுவர் வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் இறுதியில் எருடைட் தலைவி ஜெனின் மேத்யூஸ், ஒரு மருந்தை ஊசி வழியே செலுத்தி, அஞ்சாதவர்களின் படையைத் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல இயக்கி, அப்னிகேஷன் மக்களைக் கொல்ல அனுப்ப முடிகிறது. சிந்திக்கும் வேலையை வேறொரு பிரிவிடம் ஒப்படைத்துவிட்டவர்களின் கையில்தான் துப்பாக்கி இருந்தது.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பள்ளித் தோழி கொடுத்தாள் என்று இந்த நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறாள். வன்முறை அதிகம் என்று கேள்விப்பட்டேன். படிக்க விடலாமா? (இல்லத்தரசி, கோயம்புத்தூர்)

பதில்: படிக்க விடலாம், அம்மா. ஆனால் நீங்களும் உடன் படியுங்கள். வன்முறை இருப்பது உண்மை. பயிற்சி மாணவர்கள் ஒருவரையொருவர் மயங்கி விழும்வரை அடிக்கிறார்கள். தரவரிசையில் முந்தியிருந்த ஒரு மாணவனின் கண்ணில் இரவில் கத்தி பாய்ச்சப்படுகிறது. டிரிஸ் தன் பெற்றோர் இருவரையும் இழக்கிறாள். எனக்கு இவற்றைவிடக் கவலை தந்தது ஆல் என்னும் மாணவனின் தற்கொலை. அவன் மென்மையானவன். தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் டிரிஸைத் தாக்கியவர்களுடன் சேர்ந்துகொள்கிறான். பிறகு மன்னிப்புக் கேட்டு வருகிறான். அவள் மன்னிக்க மறுக்கிறாள். மறுநாள் அவன் உயிரோடு இல்லை. அந்தப் பகுதியை உங்கள் மகள் தனியே படித்து முடித்துவிட்டு மௌனமாக இருந்தால், அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். அவன் சாவுக்கு டிரிஸ் காரணமா, அந்தப் பயிற்சி முறை காரணமா என்று அவளிடமே கேளுங்கள். காதல் காட்சிகள் கட்டுப்பாடாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

கேள்வி: எத்தனையோ ஊர்கள் இருக்கச் சிகாகோவை ஏன் தேர்ந்தெடுத்தார்? (வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: ஆசிரியர் வளர்ந்தது சிகாகோவுக்கு அருகிலுள்ள பாரிங்டன் என்னும் ஊரில், படித்தது சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில். மாணவியாக இருக்கும்போதே இந்த நாவலை எழுதினார். அதனால் ஊரின் எலும்புக்கூடு கதையில் அப்படியே இருக்கிறது. தேர்வு விழா நடக்கும் ‘ஹப்’, 110 மாடிகள் கொண்ட பழைய சியர்ஸ் கோபுரம். அங்கே மற்றவர்களுக்கு மின்தூக்கியை விட்டுக்கொடுத்துவிட்டு அப்னிகேஷன் மக்கள் படியேறிப் போவது, பக்கம் பக்கமாக விளக்கினாலும் வராத ஒரு பண்பை ஒரு வரியில் காட்டிவிடுகிறது. டிரிஸ் ஏறும் ராட்டினம், நேவி பியர் என்னும் ஏரிக்கரைத் துறையில் இருப்பது. டான்ட்லெஸ் இளைஞர்கள் ஓடிப்போய்த் தாவும் ரயிலுக்கு முன்னோடி, 1892இல் தொடங்கிய அந்நகரின் உயர்மட்ட ரயில். மிச்சிகன் ஏரி மட்டும் வற்றிச் சதுப்பு நிலமாகிவிடுகிறது.

அந்த ஏரியைப் பற்றி நாவல் சொல்லாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 1919ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று, யூஜின் வில்லியம்ஸ் என்னும் 17 வயதுக் கறுப்பினச் சிறுவன், அதே ஏரியில் மிதந்துகொண்டிருந்தபோது, வெள்ளையர்கள் குளிக்கும் பகுதி என்று வழக்கத்தில் வைத்திருந்த எல்லையைத் தாண்டிவிட்டான். தண்ணீரில் கோடு கிழிக்க முடியுமா? ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டைக் கடந்ததற்காக அவன் மேல் கற்கள் வீசப்பட்டன. அவன் மூழ்கி இறந்தான். காவல்துறை கல் வீசியவரைக் கைதுசெய்ய மறுத்ததைத் தொடர்ந்து வெடித்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள்; அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர், 15 பேர் வெள்ளையர். கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக்கூடாது என்ற நிபந்தனைகள் பத்திரங்களிலேயே எழுதப்பட்டு, அந்த நகரம் அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் தெருத் தெருவாகப் பிரிந்து கிடந்தது. அத்தகைய ஊரில் ஒரு கதையை வைத்துவிட்டு, இனம் காரணமல்ல என்று முன்னோர்கள் முடிவுசெய்தார்கள் என ஒரே வாக்கியத்தில் கடந்துபோவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்த முன்னோர்கள் தங்களையே ஏமாற்றிக்கொண்டார்கள் என்று ஆசிரியர் பின்னால் காட்டியிருந்தால் இது பெரிய நாவலாகியிருக்கும்.

கேள்வி: மூன்று பாகங்களையும் படிக்க வேண்டுமா? மூன்றாம் பாகம் ஏமாற்றமளித்ததாக என் மாணவர்கள் சொல்கிறார்கள். (ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: முதல் பாகத்தைக் கட்டாயம் படியுங்கள். 2012இல் வந்த ‘இன்சர்ஜென்ட்’ ஓட்டமும் சண்டையுமாகப் போகும். 2013இல் வந்த ‘அலீஜியன்ட்’ பற்றி உங்கள் மாணவர்கள் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

அதில் நகரத்துக்கு வெளியே ஓர் அரசு அமைப்பு இருப்பது தெரியவருகிறது. முன்னொரு காலத்தில் அரசு மனிதர்களின் மரபணுவிலிருந்து அச்சத்தையும் தன்னலத்தையும் மூர்க்கத்தையும் நீக்க முயன்று, அது வேறுவிதமாகத் திரும்பி, பெரும் போரில் முடிந்ததாம்; கெட்டுப்போன மரபணுக்கள் தலைமுறை தலைமுறையாகத் தாமே சீராகட்டும் என்று காத்திருக்கும் சோதனைக்கூடம்தான் சிகாகோவாம். டைவர்ஜென்ட் என்பவர்கள் மரபணு சீரானவர்கள். முதல் பாகத்தில் டிரிஸின் தனித்தன்மை, அவள் எடுத்த முடிவுகளிலும் பட்ட அடிகளிலும் இருந்தது. மூன்றாம் பாகம் அதை ஆய்வகச் சான்றிதழாகச் சுருக்கிவிடுகிறது. இந்த இடத்தில் நாவல் தன் காலிலேயே வெட்டிக்கொள்கிறது என்பது என் கருத்து.

ஆனாலும் மீதிப் பாதியில் அந்த நூலுக்காக நான் வாதாடுவேன். மரபணுவைக் காட்டி மனிதர்களைத் தரம் பிரிப்பது அமெரிக்காவில் கற்பனையாக மட்டும் இருந்ததில்லை. தகுதியற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தை இந்தியானா மாநிலம் 1907இலேயே இயற்றியது. வர்ஜீனியாவின் அத்தகைய சட்டம் செல்லும் என்று 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, டிரிஸின் காதலன் டோபியாஸிடம் ‘உன் மரபணு பழுதானது’ என்று சொல்லும் காட்சியைப் படித்துப் பாருங்கள். நான்கே நான்கு அச்சங்கள் மட்டும் உடையவன் என்பதால் ‘ஃபோர்’ என்று பெயர் பெற்றவன், ஒரு காகிதத்தைக் கண்டு நொறுங்கிப்போகிறான். அதே மனிதன்தான், அதே இரத்தம்தான். முத்திரை மட்டும் மாறியிருக்கிறது. டிரிஸ் இறந்துபோகும் முடிவை வாசகர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த முடிவில் குறை தெரியவில்லை; தன்னலம் துறந்த வீட்டில் பிறந்த பெண், அண்ணன் போகவேண்டிய சாவுக்குத் தான் போகிறாள்.

கேள்வி: இது ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலின் நகல்தானே? (வாசகர், சேலம்)

பதில்: இல்லை. 2008இல் வந்த அந்த நாவலின் வெற்றி இத்தகைய கதைகளுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது உண்மை. ஆனால் அங்கே தலைநகரம் 12 மாவட்டங்களைச் சுரண்டுகிறது. யார் எதிரி என்பது முதலிலேயே தெரியும். இங்கே அடக்குமுறை ஒழுக்கத்தின் உடையில் வருகிறது. அதை அடையாளம் காண்பதற்கே டிரிஸுக்கு ஒரு நாவல் முழுவதும் தேவைப்படுகிறது.

கேள்வி: படம் பார்த்தால் போதாதா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: போதாது. 2014இல் வந்த முதல் படம் பார்க்கத்தக்கது. 2016இல் வந்த மூன்றாவது படத்துக்குப் பிறகு தொடரே நின்றுவிட்டது. கதையின் முடிவு திரைக்கு வரவேயில்லை.

கேள்வி: அன்பான பெற்றோரை விட்டு டிரிஸ் போனதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அவள் தன்னலக்காரி இல்லையா? (பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்)

பதில்: அந்தக் கேள்வியால் உங்களைவிட அதிகமாக வாடுபவள் டிரிஸ்தான். மூன்று மாதங்களுக்கு ஒரு நாள், தாய் முடி வெட்டிவிடும்போது மட்டும் கண்ணாடி முன் நிற்க அனுமதி உள்ள வீட்டில் அவள் வளர்ந்தாள். தன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டதையே குற்றமாக எண்ணியவள், தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுத்ததை எப்படி எளிதில் மன்னித்துக்கொள்வாள்?

பெற்றோர் வந்து பார்க்கும் நாள் பற்றிய பகுதியை இன்னொரு முறை படியுங்கள். தன்னைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்றே டிரிஸ் நினைத்திருக்கிறாள். தாய் மட்டும் தனியாக வருகிறார். கடிந்து ஒரு சொல்கூடப் பேசவில்லை. மகள் டைவர்ஜென்ட் என்று அறிந்ததும், அதை யாரிடமும் சொல்லாதே என்று எச்சரிக்கிறார். புறப்படும்போது, இங்கே கிடைக்கும் சாக்லேட் கேக் மிகவும் நன்றாக இருக்கும், எனக்காக ஒரு துண்டு சாப்பிடு என்கிறார். அப்னிகேஷன் வீடுகளில் அத்தகைய கேக்குக்கு இடமே இல்லை. அதன் சுவை தாய்க்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் திகைத்து நிற்கும் மகளுக்கு, தன் தாயும் 16 வயதில் ஒரு வீட்டை விட்டு வந்தவர் என்பதும், அந்த வீடு தான் இப்போது நின்றுகொண்டிருக்கும் இதே டான்ட்லெஸ் பிரிவு என்பதும் அப்போதுதான் புரிகிறது.