லோங்காங் யாருடையது என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: அண்ணே, பேராக்கில் பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். மழை பெய்தால் பின்பக்க லோங்காங் (வடிகால்) பொங்கி அடுப்படி வரை தண்ணீர் வருகிறது. ஊராட்சி மன்றத்துக் கவுண்டருக்கு மூன்று தடவை போய்ச் சொல்லிவிட்டேன், "பார்க்கிறோம்" என்கிறார்கள். வீட்டு வரி தவறாமல் கட்டுகிறோம். கவுன்சிலர் கூட்டத்துக்கே போய்க் கேட்கலாமா?

பதில்: போகலாம் தங்கச்சி, ஆனால் எழுந்து பேச முடியாது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, மன்றமே தீர்மானம் போட்டுக் கதவை அடைத்தாலொழிய முழுக்கூட்டத்தைப் பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம். செயற்குழுக் கூட்டங்களுக்கு அந்த உரிமை கிடையாது. உங்கள் லோங்காங் மாதிரி விஷயங்கள் பேசி முடிவாவது பெரும்பாலும் அந்தச் செயற்குழுவில்தான். அதனால் கூட்டத்துக்குப் போகும் ஒரு நாளை வேறு வேலைக்குச் செலவிடுங்கள்.

அந்த லோங்காங் யாருடையது? பேராக்கில் நான் பார்த்த பாதிப் புகார்கள் இந்த ஒரு கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு நின்றன. தாப்பா, பீடோர், சுங்கை சிப்புட் மாதிரி முதலாம் எண் கூட்டரசுச் சாலை போகும் ஊர்களில் அந்தச் சாலையோரக் கால்வாய் ஜேகேஆர் எனும் பொதுப்பணி இலாகாவின் பொறுப்பு. ஆற்றில் போய் விழும் பெரிய கால்வாய் என்றால் ஜேபிஎஸ் எனும் வடிகால், நீர்ப்பாசன இலாகாவிடம் கேட்க வேண்டியிருக்கும். தாமானுக்குள் ஓடுவது மன்றத்துடையது, ஆனால் தாமானைக் கட்டிய மேம்பாட்டாளர் அதை மன்றத்திடம் முறையாக ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்காத தாமானில் மன்றம் மண்வெட்டியைத் தூக்கத் தயங்கும். தண்ணீர் தோட்டத்து நிலத்துக்குள் போய் அங்கே அடைத்துக்கொண்டால் அது தனியார் நிலம், நிர்வாகத்தைத்தான் பிடிக்க வேண்டும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இன்னும் தொழிலாளர்கள் குடியிருந்தால் அவர்களுடைய வீடு, தண்ணீர், கால்வாய் எல்லாவற்றுக்கும் 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டம் (சட்டம் 446) இருக்கிறது. அந்தப் புகாரைத் தொழிலாளர் இலாகாவில் கொடுக்க வேண்டும்.

வாய்ச்சொல்லாகச் சொன்னது கவுண்டரோடு போய்விடும். மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வரி பில்லில் இருக்கும் கணக்கு எண்ணையும் குறிப்பிடுங்கள். நகலில் "தெரிமா" (பெற்றுக்கொண்டோம்) சாப் குத்தி வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். இணையத்தில் புகார் கொடுத்தால் அதன் எண்ணை எழுதி வையுங்கள்.

படம் எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெயில் காய்ந்த பிறகு எடுத்த படத்தில் வெறும் சிமெண்டுதான் தெரியும். ஒருவர் ஒரு கம்பில் அடிக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டு லோங்காங்கில் நட்டு வைத்திருந்தார். மழை கொட்டும்போது மூன்றாவது கோட்டை நீர் தொட்டதைக் கைப்பேசியில் எடுத்து, அடுத்த மழைக்கும் அதே இடத்தில் நின்று எடுத்தார். அந்த இரண்டு படத்துக்குமேல் அதிகாரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கவுன்சிலரை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்புவதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டாரம் ஒதுக்குவது வழக்கம். உங்கள் வட்டாரம் யார் கையில் என்று மன்றத்தில் கேட்டாலே சொல்வார்கள். கடிதத்தின் நகலை அவரிடம் நேரில் கொடுங்கள். அடைப்பை எடுப்பது அன்றாட வேலை. லோங்காங்கை அகலப்படுத்த வேண்டுமானால் அடுத்த வருட பட்ஜெட்டில் ஏற வேண்டும். மன்றத்தின் கணக்கு ஜனவரியில் தொடங்குகிறது, டிசம்பரில் போய் நின்றால் காலம் கடந்துவிடும். வருட நடுவிலேயே கொடுத்துவிடுங்கள்.

கோபத்தில் வரியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பிப்ரவரிக் கடைசி, ஆகஸ்டுக் கடைசி என்ற இரண்டு தவணையில் எது தவறினாலும் அபராதம் ஏறும், வீட்டுச் சாமானை ஜப்தி செய்யும் வாரண்டு வரைக்கும் அது போகும்.

"இது எங்களுடையது அல்ல" என்று பதில் வந்தால் மனம் தளராதீர்கள். அதையே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், யாருடையது என்றும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த அலுவலகத்தில் நீங்கள் முதலில் நீட்ட வேண்டிய தாள் அதுதான்.