வெட்டுக்கூலிக்கு மேலே கொடுக்கணுமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். போன நவம்பரில் கூட வேலை செய்பவர்களோடு மான் வேட்டைக்குப் போயிருக்கிறான், அங்கே லைசென்ஸ் எடுத்தால் சட்டப்படி சரியாம். அடித்த மானைக் கறிக்கடையில் கொடுத்தால் தோலுரித்து, எலும்பெடுத்து, துண்டு போட்டு, கைமா அரைத்துப் பொட்டலமாகக் கட்டித் தருகிறார்கள். கூலியே 100 டாலருக்கு மேல். அதற்கும் மேலே டிப்ஸ் கொடுக்கணுமா வேண்டாமா என்று நண்பர்களுக்குள் சண்டை. "நீ என்னம்மா சொல்ற" என்று என்னைக் கேட்கிறான். மானைக் கொன்றான் என்பதே எனக்கு மனசு கேட்கவில்லை, அது வேறு விஷயம்.
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கட்டாயம் இல்லைம்மா. ஆனால் சில நேரங்களில் கொடுக்காமல் வந்தால் எனக்கு மனசு உறுத்தும், அது எந்த நேரம் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஓட்டலுக்குப் போனால் டிப்ஸ் வைத்தே ஆகணும் என்று உங்கள் மகன் சொல்லியிருப்பார். அதற்குக் காரணம் இருக்கிறது. பரிமாறுகிறவருக்கு மத்திய அரசுச் சட்டப்படி முதலாளி கையிலிருந்து தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991லிருந்து அது மாறவே இல்லை, மீதியை வாடிக்கையாளர் டிப்ஸ்தான் நிரப்ப வேண்டும். அதாவது அங்கே டிப்ஸ் என்பது சம்பளத்தில் ஒரு பகுதி. கறி வெட்டுகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார், அவருக்கு முழுக்கூலி முதலாளிதான் தரவேண்டும். அதனால் ஓட்டல் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து பில்லில் இத்தனை சதவீதம் என்று போட வேண்டியதில்லை.

சரி, எப்போது கொடுக்கலாம்? விஸ்கான்சினில் துப்பாக்கி வேட்டைக்கு முக்கியமான சீசன் 9 நாள்தான், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நவிலல் பண்டிகை நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். ஊரில் அடித்த மானெல்லாம் அந்த ஒரு வாரத்தில் கடை வாசலில் வந்து குவியும். நம் ஊர் கறிக்கடையில் தீபாவளிக்கு விடியற்காலை நிற்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதைப்போல ஒன்பது நாள், அதுவும் உரித்துத் தொங்கவிட்ட வெள்ளாடு இல்லை, முடியும் சேறுமாக வருகிற முழு மிருகம். குண்டு வயிற்றில் பட்டிருந்தால் குடல் கிழிந்து உள்ளே எல்லாம் பாழாகியிருக்கும், அதில் நல்ல கறியைத் தேடிப் பிரிப்பதற்கு நேரம் ஆகும். மான் கொழுப்பு வாயில் மெழுகு மாதிரி ஒட்டும் என்பதால் அதையும் செதுக்கி எடுத்துவிட்டு, கைமாவுக்குப் பன்றிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ சேர்த்து அரைப்பார்கள். இந்த வேலையை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நின்றுகொண்டு செய்கிறவருக்கு 20 டாலர் கையில் கொடுப்பது நியாயம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாநிலத்து மான்களிடம் 2002இல் மூளையைத் தாக்கும் ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் சிலர் 'என் மானை மற்ற மானோடு கலக்காமல் தனியாக வெட்டு, முதுகெலும்பை அறுக்காதே' என்று கேட்கிறார்கள். கேட்பது சரி. ஆனால் அதற்காக அவர் ஒவ்வொரு முறையும் மேசையைக் கழுவி, கத்தியைக் கழுவி, அரைக்கும் மெஷினைக் கழற்றிக் கழுவ வேண்டும். கடையில் அதற்குத் தனிக்கட்டணம் வாங்கவில்லை என்றால் மகனைக் கொடுக்கச் சொல்லுங்கள், இது டிப்ஸ்கூட இல்லை, செய்த வேலைக்குக் கூலி.

ஆனால் டிப்ஸை விடப் பெரிய மரியாதை ஒன்று உண்டு. அடித்தவுடனே குடலை எடுத்துவிட்டு உடம்பைக் குளிரவைத்துக் கொண்டுபோவது, அடித்த மானுக்கு அரசு தந்த எண்ணைக் கடையில் சரியாகப் பதிந்து கொடுப்பது, கறி தயார் என்று போன் வந்தால் அன்றோ மறுநாளோ போய் எடுத்துக்கொள்வது. மாதக்கணக்கில் கடைக்காரர் ஃபிரீசரில் போட்டுவிட்டு, பிறகு வந்து 10 டாலர் டிப்ஸ் நீட்டுவதில் என்ன இருக்கிறது? அப்புறம், கறி குறைகிறது என்று சண்டை போட வேண்டாம். குடல் எடுத்த மான் 45 கிலோ இருந்தால் எலும்பில்லாத கறி பாதி தேறினாலே பெரிது. கூலிக்குப் பதிலாகக் கறியைக் கொடுக்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் கேட்க வேண்டாம், வேட்டைக்கறியை விற்க அங்கே சட்டம் விடாது.

பணத்தை யார் கையில் கொடுப்பது என்பதும் முக்கியம். கல்லாவில் வைத்தால் வெட்டியவருக்குப் போகுமா என்று கேட்டுவிட்டு வைக்கச் சொல்லுங்கள். முதலாளியே வெட்டுகிறார் என்றால் அவர் விலையை அவரே வைத்துக்கொண்டவர், அவருக்கு வாய் நிறைய ஒரு நன்றி போதும்.

உங்கள் மனசு கேட்காததில் தப்பே இல்லை. ஆனால் கொன்றபிறகு ஒரு துண்டு கறிகூட வீணாகாமல் பார்த்துக்கொள்கிறவர் அந்தக் கறிக்கடைக்காரர்தான், அதை நினைத்தாவது அவர்மேல் கோபப்படாதீர்கள்.

கேள்வி: பெரிய மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து தரும் அம்மாவுக்குக் கூலிக்கு மேலே 20 ரூபாய் கொடுப்பேன். "நீ கொடுத்துப் பழக்கினால் எல்லாரிடமும் கேட்பாங்க" என்று வீட்டுக்காரர் திட்டுகிறார்.
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கொடுங்கள். என் பெரியம்மா கடலூர் துறைமுகத்தில் இருபது வருஷம் அருவாமனை போட்டு உட்கார்ந்தவர். விடிகாலையில் படகு வந்ததும் போனால் மதியம் வரை ஐஸ் தண்ணியிலேயே கை. விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருக்கும், கெளுத்தி முள் குத்தினால் அன்றைக்குக் கை வீங்கிவிடும், மறுநாளும் போவார். வருஷத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, அந்த 61 நாளும் வரத்து குறைந்து அவருக்கு வருமானமும் பாதியாகிவிடும். மீனவர் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் வரும், மீன் ஆய்கிறவர் பேர் அந்தப் பட்டியலில் இருக்காது.

மேலே கொடுக்கிற 20 ரூபாயை விட எனக்கு முக்கியமாகப் படுவது பேரம். கூலியில் 10 ரூபாய் குறைக்கச் சொல்லி நின்றுவிட்டு அப்புறம் பெருந்தன்மையாக டிப்ஸ் கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்ட கூலியைக் கொடுங்கள். வஞ்சிரம் துண்டு போடுவது சுலபம், அதற்குக் கூலி போதும். நெத்தி­லியோ காரப்பொடியோ ஒரு கிலோ கொடுத்துத் தலை கிள்ளச் சொன்னாலும், வெளியில் வாங்கிவந்த மீனை அவரிடம் ஆயச் சொன்னாலும் மேலே கொடுங்கள். வீட்டுக்காரரை ஒருநாள் அரை கிலோ நெத்திலியை உட்கார்ந்து கிள்ளச் சொல்லிப் பாருங்கள், அவரே பணம் எடுத்துக் கொடுப்பார்.

கேள்வி: குலசாமிக்குக் கிடா வெட்டப் போகிறோம். வெட்டுகிறவருக்குத் தலையும் தோலும் கொடுத்தால் போதாதா, பணமும் தரணுமா?
- வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: வழக்கம் ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், அதனால் முதல்நாளே அவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். தோலை நம்பி ஒப்புக்கொள்ளச் சொல்லாதீர்கள். முன்பு தோலுக்கு நல்ல விலை இருந்தது, இப்போது வாங்க ஆளில்லாமல் வீசுகிறார்கள். கூலியைப் பணமாகப் பேசுங்கள், தலையை மரியாதையாகக் கொடுங்கள், பந்தியில் அவருக்கும் கூட வந்தவருக்கும் முதல் இலை போடுங்கள்.

கேள்வி: வயலில் கொக்கும் கௌதாரியும் அடித்துக் கொண்டுவந்து உரித்தும் தருகிறார்கள். என்ன கொடுக்கலாம்?
- வாசகர், காட்டுமன்னார்கோவில்

பதில்: எதுவும் கொடுக்காதீர்கள், வாங்கவும் வாங்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அடித்தவரும் குற்றவாளி, வாங்கியவரும் குற்றவாளி. ஆசையாக இருந்தால் பண்ணைக் காடை கடையில் கிடைக்கிறது, அவர்களே உரித்தும் தருவார்கள்.