லாபம் பார்க்காவிட்டால் மட்டும் போதாது

உங்கள் முன்னாள் மாணவர் சங்கம் லாபம் பார்ப்பதில்லை, அதனால் அறப்பணி அமைப்புதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. பணத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்பது முதல் படிதான். நோக்கம் முழுக்க அறமாக இருக்க வேண்டும், பலன் பொதுமக்களுக்குப் போக வேண்டும். 1891-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கில் அற நோக்கங்களை வறுமை நீக்கம், கல்வி, சமயம், சமூகத்துக்குப் பயன்படும் பிற காரியங்கள் என்று நான்காகப் பிரித்தார்கள், இன்றும் பல நாட்டுச் சட்டங்களில் அதன் சாயல் இருக்கிறது. உங்கள் விதிமுறையில் 'உறுப்பினர் குடும்பங்களுக்கு மட்டும் உதவித்தொகை' என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான் இடிக்கிறது. வசதியில்லாத மாணவர் யாருக்கும் என்று அதை மாற்றுங்கள். அப்புறம், சங்கத்தைக் கலைத்தால் மிச்சப் பணம் இன்னொரு அறப்பணி அமைப்புக்கே போகும் என்றும் சேர்த்து எழுதுங்கள். அலுவலகத்தில் வேலை பார்க்கிறவருக்கு நியாயமான சம்பளம் கொடுப்பதில் தப்பில்லை.