கேபிள் குத்தியாச்சு, டிஎன்எஸ்ஸை எங்கே போடுவது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆண்ட்ராய்டும் லேன் கேபிளும்தான். டிஎன்எஸ் என்பது சைட்டின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணை (ஐபி) தேடித் தரும் சர்வர். வழக்கமாகச் சொல்வதையே முதலில் சொல்லிவிடுகிறேன்: எதை மாற்றுவதாக இருந்தாலும், மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தை அப்படியே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

கே: ஆண்ட்ராய்டு டிவியில் ஐபி தானாக வரட்டும், டிஎன்எஸ்ஸை மட்டும் மாற்ற முடியுமா? (ஈரோடு)

ப: ஈதர்நெட் (கேபிள் நெட்) பக்கத்தில் முடியாது. ஐபி செட்டிங்ஸை ‘ஸ்டேட்டிக்’ ஆக்கினால்தான் டிஎன்எஸ் 1, 2 கட்டங்கள் வரும். அப்போது ஐபி, கேட்வே (ரூட்டரின் ஐபி) எல்லாம் நீங்களே அடிக்க வேண்டும். இப்போது டிவிக்கு வந்திருக்கும் ஐபியையே திருப்பிக் கொடுக்காதீர்கள். நாளைக்கு ரூட்டர் அதைத் தூக்கி வேறொரு போனுக்குக் கொடுக்கும், இரண்டும் முட்டிக்கொள்ளும். ரூட்டர் தானாகக் கொடுக்கும் ஐபிகளின் வரம்புக்கு (டிஹெச்சிபி வரம்பு) வெளியே ஒன்றை எடுங்கள். ‘பிரிஃபிக்ஸ் லெங்த்’ கட்டத்தில் 24. அங்கே அதையே நீட்டி எழுதும் 255.255.255.0 என்று அடித்துவிட்டு ‘எடுக்க மாட்டேங்குது’ என்று எழுதுபவர்கள் மாதம் நாலு பேராவது உண்டு.

கே: நெட் வரவில்லை. படம் அனுப்பியுள்ளேன். (ஊர் போடவில்லை)

ப: மாடல் இல்லை, ஆண்ட்ராய்டு பதிப்பு இல்லை. விளக்கை அணைத்துவிட்டு எடுத்த டிவி திரை, அதில் உங்கள் கட்டைவிரல் வேறு. பெரிதாக்கிப் பார்த்தேன்: ஐபி 192.168.1.50, கேட்வே 192.168.0.1. மூன்றாவது எண்ணைப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் குடியிருந்துகொண்டு இந்தத் தெருக் கதவைத் தட்டுகிறது உங்கள் டிவி. ஐபியை 192.168.0.50 ஆக்குங்கள். டிஎன்எஸ் மேல் குற்றமே இல்லை.

கே: போனில் டைப்-சி லேன் கன்வெர்ட்டர் போட்டால் நெட் வருகிறது, டிஎன்எஸ் மாற்றும் பக்கம்தான் இல்லை. (திண்டுக்கல்)

ப: பல போன்களில் இருக்காது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ (டிஎன்எஸ் கேள்வியை மறைகுறியாக்கி அனுப்பும் வசதி) இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். சிம், வைஃபை, கேபிள் மூன்றுக்கும் அதுவே செல்லும். அங்கே பெயர்தான் போட வேண்டும், எண் செல்லாது: கூகுள் டிஎன்எஸ்ஸின் எண்ணான 8.8.8.8 அல்ல, ‘டிஎன்எஸ் டாட் கூகுள்’. பிரைவேட் டிஎன்எஸ் போகும் வாசலான 853 போர்ட்டை அடைத்து வைத்திருக்கும் ஆபீஸ், ஹாஸ்டல் நெட்டில் இப்படிப் பெயர் போட்டால் எந்த சைட்டும் திறக்காமல் போகலாம். அங்கே போகும்போது ‘ஆட்டோமேட்டிக்’கில் விடுங்கள்.

கே: பாக்ஸில் டிஎன்எஸ் 1-ல் பை-ஹோல் (விளம்பரத்தைத் தடுக்க வீட்டிலேயே வைக்கும் டிஎன்எஸ்), 2-ல் 8.8.8.8 போட்டிருக்கிறேன். விளம்பரம் அவ்வப்போது வருகிறதே? (கோவை)

ப: வரத்தான் செய்யும். பை-ஹோல் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தாலே ஆண்ட்ராய்டு இரண்டாவதிடம் போய்விடும். இரண்டாவதை எடுத்துவிடுங்கள். அப்படியும் வந்தால் ஐபிவி6-ஐப் (புதிய வகை நீள ஐபி; பழையது ஐபிவி4) பாருங்கள். நீங்கள் ஸ்டேட்டிக் ஆக்கியது ஐபிவி4-ஐ மட்டும்தான். ரூட்டர் தன் அறிவிப்பில் ஐபிவி6 டிஎன்எஸ் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் பாக்ஸ் அதையும் வாங்கிக்கொள்ளும். அதை ரூட்டரில்தான் நிறுத்த முடியும். பிரைவேட் டிஎன்எஸ்ஸில் பெயர் ஏதாவது போட்டிருந்தால், பை-ஹோலை யாரும் கேட்கவே மாட்டார்கள்.

கே: ‘டிஎன்எஸ் சேஞ்சர்’ ஆப் போட்டால் கேபிள் நெட் இரட்டிப்பு வேகம் வருமாமே? (தஞ்சாவூர்)

ப: எத்தனை தடவை எழுதுவது! டிஎன்எஸ் பெயருக்கு எண் தேடித் தருவது, அவ்வளவுதான். விலாசம் சொன்னவுடன் அதன் வேலை முடிந்தது; வீடியோ வருவது வேறு வழியில். நல்ல டிஎன்எஸ் போட்டால் பக்கம் திறக்க ஆரம்பிப்பதில் கண் சிமிட்டும் நேரம் மிச்சமாகலாம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: 200 எம்பிபிஎஸ் பிளான், டிவியில் 94தான் காட்டுகிறது. பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. அதற்கு மேல் எந்த ஆப்பும் தள்ள முடியாது.

இந்த ஆப்கள் எப்படி வேலை செய்கின்றன தெரியுமா? ரூட் (முழு அதிகாரத்தைத் திறந்துவிடுவது) இல்லாத ஆண்ட்ராய்டில் டிஎன்எஸ்ஸை மாற்ற ஆப்புக்கு அனுமதி கிடையாது. அதனால் விபிஎன் அனுமதி கேட்டு வாங்கி, நடுவில் உட்கார்ந்துகொள்கின்றன. நீங்கள் தேடும் ஒவ்வொரு பெயரும் அதன் கை வழியாகப் போகும். எழுதியவர் யார், எங்கே இருக்கிறார், எதுவும் தெரியாது. ஆனால் ‘ஓகே’ அழுத்தியாகிவிட்டது.

போன மாதம் உறவுக்காரர் வீட்டு பாக்ஸ் இப்படித்தான் முடங்கிக் கிடந்தது. கேபிள்காரர் மூன்று முறை வந்து, ஆர்ஜே45 கிளிப்பை இரண்டு முறை வெட்டி அடித்துவிட்டுப் போயிருந்தார். போர்ட்டில் பச்சை விளக்கு ஒழுங்காகத்தான் மினுக்கியது. பையன் எப்போதோ போட்ட ஆப், பாக்ஸை ஆன் செய்தவுடன் தானாக எழுந்து, என்றோ மூடிப்போன ஒரு இலவச சர்வரிடம் விலாசம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆப்பைத் தூக்கினேன், நெட் வந்தது. கேபிள்காரருக்குக் கொடுத்த 300 ரூபாய் போனது போனதுதான்.

கே: ரூட் செய்த பாக்ஸில் டிஎன்எஸ் எண்ணைக் காட்டும் ‘நெட் டாட் டிஎன்எஸ்1’ என்ற சிஸ்டம் மதிப்பு காலியாக வருகிறது. (சேலம்)

ப: 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8-லேயே அதை எடுத்துவிட்டார்கள். பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்யாதீர்கள். ஏடிபி ஷெல்லில் (கம்ப்யூட்டரிலிருந்து ஆண்ட்ராய்டுக்குக் கட்டளை கொடுக்கும் இடம்) ‘டம்ப்சிஸ் கனெக்டிவிட்டி’ அடித்து, ஈத்0 (கேபிள் போர்ட்) வரிசையில் டிஎன்எஸ் முகவரிகளைப் பாருங்கள்.

கே: ஐபேடில் கேபிள் போட்டால்? (மதுரை)

ப: செட்டிங்ஸில் ஈதர்நெட், அதில் அடாப்டர் பெயர், கான்ஃபிகர் டிஎன்எஸ், மேனுவல். போட்டோ எடுத்தாயிற்றா?