விளையாட்டுக் கொன்சோலில் இருந்து கணினிக்கு மாறினால், விமான சிமுலேட்டருக்கு எந்த ரெசொலூஷன் நல்லது?

ரெசொலூஷன் என்பது திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. 1920×1080 இல் கிட்டத்தட்ட 20.7 லட்சம், 2560×1440 இல் 36.9 லட்சம், 4கே (3840×2160) இல் 82.9 லட்சம். ஒரே அளவுப் பாயை மெல்லிய ஓலையில் இழைத்தால் நேர்த்தி கூடும், இழைக்கிற நேரமும் கூடும். படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டுக்கும் அப்படித்தான்.

பாரம் கூடும்போது கொன்சோல் பெரும்பாலும் குறைந்த புள்ளிகளில் வரைந்து, பெருப்பித்துக் காட்டும். தள்ளியிருந்து பார்க்கும் தொலைக்காட்சியில் அது தெரியாது. மேசையில் இரண்டடி தூரத்தில், யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இறங்கும் நேரம் உயரமானியின் இலக்கங்கள் மங்கினால் உடனே தெரியும். 27 அங்குலத் திரைக்கு 2560×1440 தான் என் தெரிவு. படம் திணறினால் ரெண்டர் ஸ்கேலிங்கை (திரையின் ரெசொலூஷனில் எத்தனை வீதத்தில் படத்தை வரைவது என்ற அமைப்பை) 100 இலிருந்து 80 க்கு இறக்குங்கள்.

ரெசொலூஷனைக் குறைத்தால் எல்லாத் திணறலும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய விமான நிலையங்களில் திணறுவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு அல்ல, கணக்குகளைச் செய்யும் பிராசசர், அங்கே குறைக்கவேண்டியது சிமுலேட்டர் காட்டும் மற்ற விமானங்களின் போக்குவரத்து அளவை.