போனை எடுக்காத மகனும் அம்மாவின் செபமும்

கேள்வி: எலத்தகிரி பக்கம் எங்கள் ஊர். டிப்ளமோ முடித்த மகன் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். நண்பர்களோடு ரூம். ஞாயிறு பூசைக்குப் போவதில்லை. போன் போட்டால் எடுப்பதும் இல்லை. எனக்கு ராத்திரியில் தூக்கமே வருவதில்லை. "ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இரு" என்கிறார் வீட்டுக்காரர். என்னால் முடியவில்லை. இது விசுவாசக் குறைவா?

பதில்: இல்லை அம்மா. மோசேயைப் பெற்றவள் சும்மா இருந்தாளா? எகிப்து மன்னனிடமிருந்து குழந்தையைக் காப்பாற்ற, நாணல் கூடைக்குக் கீல் பூசி, தண்ணீர் புகாதபடி செய்துவிட்டுத்தான் அதில் அவனை ஆற்றோரம் வைத்தாள். அதற்கு மேல் நடந்தது அவள் கையில் இல்லை.

உங்கள் கையில் இருப்பதை முதலில் பாருங்கள். மகனுக்கு இந்த வாரம் என்ன ஷிப்ட்? நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் படுப்பவனைப் பத்து மணிக்கு எழுப்பினால் யாராக இருந்தாலும் எரிந்துதான் விழுவார்கள். அவன் சொல்லும் நேரத்தில் வாரம் இரண்டு முறை பேசுங்கள், போதும். எடுத்ததும் "பூசைக்குப் போனியா" என்று கேட்காதீர்கள். பொய் சொல்லத்தான் பழகுவான். "சாப்பிட்டியா" என்று தொடங்குங்கள். அவனாக ஏதாவது சொல்ல இடம் கிடைக்கும்.

புனித மோனிக்கா உங்களைவிடப் பிடிவாதக்காரி. விசுவாசத்தை விட்டு விலகியிருந்த மகன் அகுஸ்தினாரை விடாமல் துரத்தினார். 383-இல் அகுஸ்தினார் கார்த்தேஜ் துறைமுகத்தில் தாயிடம் பொய் சொல்லிவிட்டு இரவோடு இரவாக ரோமுக்குக் கப்பலேறினார். மகன் போகக்கூடாது என்று அந்த இரவு முழுக்க மோனிக்கா செபித்துக்கொண்டிருந்தார். செபம் கேட்கப்படவில்லை. ஆனால் அந்தப் பயணம்தான் அகுஸ்தினாரை மிலான் ஆயர் அம்புரோசிடம் கொண்டு சேர்த்தது. 387-இல் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார். மகனைத் தன் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது தாயின் ஆசை. ஆண்டவர் கேட்டது அந்த ஆசைக்கு அடியில் இருந்த, மகன் மனம் திரும்ப வேண்டும் என்ற வேண்டுதலை. அகுஸ்தினாரே பின்னாளில் அப்படித்தான் புரிந்துகொண்டார். ஆகவே, "ஓசூரை விட்டு வரவேண்டும்" என்று மட்டும் செபிக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. குடி, கடன், சாவைப் பற்றிய பேச்சு என்று ஏதாவது தெரிந்தால் செபமாலையைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர்தான். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழைத்தால் இலவசமாகத் தமிழிலேயே பேசுவார்கள். உங்கள் தூக்கமின்மை நீடித்தாலும் அதே எண்ணில் பேசலாம். வீட்டுக்காரரையும் விட்டுவிடாதீர்கள்: வாரத்தில் ஒரு போன் அவர் போடட்டும்.