சென்னையில் வீட்டிலேயே ஒயின், சாராயம், லிக்கர் எல்லாம் தயாரிக்க முடியுமா? எப்படி?

மூன்றையும் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டீர்கள். மூன்றும் வேறு வேறு விவகாரம். ஒயின் தானாக நொதிக்கும், நாம் கெடுக்காமல் இருந்தால் போதும். சாராயம் காய்ச்சுவது வீட்டுக் காரியமே அல்ல. லிக்கர் (liqueur) என்ற இனிப்பு மதுவில் புதிதாக ஆல்கஹால் எதுவும் உண்டாவதில்லை; கடையில் வாங்கிய மதுவில் பழத்தையோ தோலையோ ஊறவைக்கிறோம், அவ்வளவுதான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மதுவிலக்குச் சட்டம் 1937இல் ராஜாஜி ஆட்சியில் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி சேலத்தில் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுவதற்கும் பரவியது. பிறகு தளர்ந்தது, இறுகியது, மறுபடி தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையை டாஸ்மாக்கே நடத்துகிறது. தெருவுக்குத் தெரு கடை இருப்பதால் சட்டம் காலாவதியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது இன்றும் குற்றம். ஆல்கஹால் உள்ள எந்தத் திரவமும் அதன் கண்ணில் மதுதான். கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு ஜாடி என்ற சலுகை அதில் கிடையாது. 2024இல் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கினார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் சொந்த உபயோகத்துக்கு ஒயின் போட்டுக்கொள்ளலாம். ஆகவே கீழே வரும் ஒயின் செய்முறையை அங்கே இருப்பவர்கள் செய்து பார்க்கலாம். சென்னைவாசிகள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

நான் வளர்ந்தது பெரம்பூரில். ரயில்வே பட்டறைகளில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்த தெரு; நவம்பர் பிறந்தால் மாடி வீட்டு ஆன்ட்டியின் ஜாடி சாமான் அறையில் ஏறிவிடும். பின்னாளில் வேதியியல் படித்து, அதையே பாடமாகவும் நடத்தினேன். என் அக்கா மெல்பர்னில் ஆண்டுதோறும் ஒயின் போடுகிறாள். சந்தேகம் வந்தால் நேரம் காலம் பார்க்காமல் என்னைத்தான் தொலைபேசியில் பிடிப்பாள். இதை எழுத எனக்கு இருக்கும் தகுதி இவ்வளவுதான்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே சூத்திரம். ஒரு கிலோ கறுப்புத் திராட்சை, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு கைப்பிடி கோதுமை, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், நாலைந்து கிராம்பு, ஒரு துண்டு பட்டை. 21 நாள் தினமும் மரக்கரண்டியால் கிண்டுவது, வடிகட்டி இன்னொரு 21 நாள் தெளியவிடுவது, கடைசியில் கருக்கிய சர்க்கரைப் பாகை ஊற்றி நிறம் ஏற்றுவது. இந்தச் சூத்திரத்தை வகுத்தவர் யாரோ தெரியாது. அவருக்குச் சர்க்கரைமேல் அபாரப் பிரியம் என்பது மட்டும் நிச்சயம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும். பழச்சாறு, தண்ணீர், கரைந்த சர்க்கரை அடைத்துக்கொள்ளும் இடம் எல்லாம் சேர்ந்து சுமார் 2.3 லிட்டர். பழத்தில் இருக்கும் சர்க்கரையையும் கூட்டினால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட அரை கிலோ வருகிறது. எல்லாம் நொதித்தால் 28, 29 சதவீதம் ஆக வேண்டும். ஆகாது. ரொட்டி ஈஸ்ட் 10, 12 சதவீதத்தைத் தொடும்போதே, தான் உண்டாக்கிய ஆல்கஹாலில் தானே மடிந்துவிடும். அதற்கு முன்பும் அது முழுத் தெம்போடு வேலை பார்ப்பதில்லை; அத்தனை அடர்த்தியான பாகு ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. ஜாம் கெடாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிட, ஒயின் என்ற பெயரில் நமக்குக் கிடைப்பது கிராம்பு மணக்கும் திராட்சைப் பாகு. பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். எனக்கு இரண்டாவது வாய் இறங்காது.

அக்காவுக்கு நான் சொல்லியிருக்கும் அளவு வேறு: கிலோ திராட்சைக்கு 200 கிராம் சர்க்கரை, அரை லிட்டர் தண்ணீர். ஒயினுக்கென்றே விற்கும் ஈஸ்ட் போட்டால் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் தீர்ந்து, 13 சதவீதத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கோதுமையை விட்டுவிடலாம். அது போட்டால் போதை ஏறும் என்பார்கள், ஏறாது. மாவுச்சத்தை ஈஸ்ட் அப்படியே தின்னாது, முதலில் அது சர்க்கரையாக உடைய வேண்டும். வேகாத, முளைகட்டாத கோதுமையில் அது நடப்பதில்லை. ஈஸ்டுக்குக் கொஞ்சம் நைட்ரஜன் சத்து கிடைக்கும், அது மட்டும்தான் லாபம்.

பழம் என்றால் சென்னையில் கோயம்பேடுதான். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல மணம், விதை உண்டு, தோலில் நிறம் உண்டு. மிக்ஸியில் அடிக்கவே கூடாது. விதை நொறுங்கினால் ஜாடி முழுக்கக் கசக்கும். கழுவி, ஈரம் போக உலர்த்தி, கையால் பிசைந்தால் போதும்.

மூன்றாம் நாள் ஜாடியைப் பார்க்க வேண்டும். வேடு கட்டிய துணியை அவிழ்த்தால், தோல்களெல்லாம் மேலே ஏறிக் கனத்த மூடியாகக் கட்டியிருக்கும். விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு நுரை. காதைக் கிட்டே கொண்டுபோனால் ஓயாத மெல்லிய இரைச்சல். மூக்கை நேராக நீட்டினால் கரியமில வாயு சுருக்கென்று ஏறி, கண்ணில் நீர் வந்துவிடும். கரண்டியால் அந்த மூடியை அமிழ்த்தியதும் மொத்தமும் பொங்கி எழும். ஜாடியில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடச் சொல்வது அதனால்தான். சர்க்கரையின் எடையில் ஏறத்தாழ பாதி கரியமில வாயுவாகிவிடுகிறது. 200 கிராம் சர்க்கரைக்கே அது 50 லிட்டரைத் தாண்டும். இதைக் கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடி வைத்தால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இனி ஆன்ட்டிகளோடு எனக்கிருக்கும் பெரிய கருத்து வேறுபாடு. தினமும் கிண்டுவது முதல் வாரத்துக்குச் சரி. ஈஸ்ட் பெருகக் காற்று வேண்டும், தோல் மேலே காய்ந்து கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வாயு வெளியேறிக்கொண்டே இருப்பதால் அப்போது துணி வேடு போதும். இரைச்சல் அடங்கிய பிறகும் 21 நாள் கணக்குக்காகக் கிண்டிக்கொண்டிருப்பது, ஒயினைக் காடியாக்குவதற்கு (வினிகராக்குவதற்கு) நாமே செய்யும் உதவி. காற்றும் ஆல்கஹாலும் கிடைத்தால் அசிட்டிக் பாக்டீரியாவுக்கு வேறென்ன வேண்டும்? அவற்றைச் சுமந்துவரும் பழ ஈக்களுக்கோ நம் ஊரில் பஞ்சமே இல்லை. ஆறேழு நாளில் வடிகட்டி, குறுகிய கழுத்துள்ள பாட்டிலில் ஏறக்குறைய கழுத்து வரை நிரப்பி, மூடியில் ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் டம்ளருக்குள் விட்டுவிட வேண்டும். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது.

அடுத்த எதிரி வெயில். 30 டிகிரிக்கு மேல் ஈஸ்ட் அவசரப்பட்டு வேலை செய்யும். தொண்டையை எரிக்கும் கனமான ஆல்கஹால்கள் சேர்ந்து, நெயில் பாலிஷ் நெடி அடிக்கும். இருபது முதல் இருபத்தைந்துக்குள் இருந்தால்தான் பழத்தின் மணம் தங்கும். பெரம்பூரில் இந்த வேலையை நவம்பர், டிசம்பருக்கு வைத்துக்கொண்டது பண்டிகைக்காக மட்டுமில்லை என்று தோன்றுகிறது. ஜாடியைத் தரையோடு ஓர் இருட்டு மூலையில் வைத்து, ஈரச் சாக்கைச் சுற்றிவிடுவார்கள். சில டிகிரி நிச்சயம் குறையும். அப்படியும் புளித்துப் போனால் கொட்ட வேண்டாம். விண்டாலுவுக்கு அதைவிட நல்ல காடி கடையில் கிடைக்காது.

சாராயத்துக்கு நான் செய்முறை தரமாட்டேன். பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துகிறேன். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரும் இறந்தது மெத்தனாலால். அது ஊறலில் தானாக விளைந்ததல்ல, தொழிற்சாலைகளுக்கான மெத்தனால். பழம் நொதிக்கும்போது அதில் இருக்கும் பெக்டின் என்ற பசைப் பொருளிலிருந்து மெத்தனால் மிகச் சிறிய அளவில்தான் உண்டாகிறது, ஒயினாகக் குடிக்கையில் அதனால் கண் போய்விடாது. காய்ச்சி வடித்தால் அது செறிந்துவிடும். மெத்தனால் 64.7 டிகிரியிலும், குடிக்கும் ஆல்கஹாலான எத்தனால் 78.4 டிகிரியிலும் கொதிக்கும், முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று இணையத்தில் எழுதுகிறார்கள். கலவையில் அவை அப்படி வரிசையில் நின்று வெளியேறுவதில்லை. மெத்தனால் கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டேதான் இருக்கும். இதைவிட உடனடியான ஆபத்து நெருப்பு. 40 சதவீத ஆல்கஹால் சுமார் 26 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். சென்னைச் சமையலறை பெரும்பாலான நாட்கள் அதைவிடச் சூடு. பக்கத்திலேயே கேஸ் அடுப்பு. ஒயினுக்குத் தாராளமாக இருக்கும் நாடுகள்கூட வீட்டில் காய்ச்சுவதில் கறார்; 1996 முதல் அனுமதிக்கும் நியூசிலாந்து ஓர் அபூர்வ விதிவிலக்கு.

லிக்கருக்கு வோட்கா வாங்குங்கள். நம் ஊர் பிராந்தியில் பெரும்பாலானவை திராட்சையைக் கண்டதே இல்லை. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப் பாகான மொலாசஸிலிருந்து எடுத்த ஆல்கஹாலில் நிறமும் வாசனையும் சேர்த்தவை. அதில் போய்ப் பழத்தை ஊறவைத்தால் ஏற்கனவே இருக்கும் எசன்ஸோடு சண்டைதான் நடக்கும். இங்கே விற்கும் பாட்டில்களில் வழக்கமாக 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கும், அதில் எந்தக் கிருமியும் வளராது.

என் வாக்கு நார்த்தங்காய்க்கு. கழுவித் துடைத்து, பச்சைத் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். அடியில் இருக்கும் வெள்ளை ஒட்டினால் கசக்கும். மூன்று நான்கு காய்களின் தோலை அரை லிட்டர் வோட்காவில் போட்டால் அன்று மாலைக்குள் பச்சை இறங்கத் தொடங்கும். தோல் வெளிறி, வளைத்தால் ஒடிகிற அளவுக்கு விறைத்ததும் எடுத்துவிடலாம். அதில் இருந்த எண்ணெய் எல்லாம் இப்போது ஆல்கஹாலில். சர்க்கரையும் தண்ணீரும் சமமாகச் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த பாகு கால் லிட்டரை இதில் ஊற்றுங்கள். கண்ணாடியாக இருந்தது சட்டென்று நீர்மோர் போலக் கலங்கும். பயப்பட வேண்டாம். 42.8 சதவீதம் 28.5க்கு இறங்கியதும், கரைந்திருந்த எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஃப்ரீஸரில் வைத்துச் சின்னக் குப்பியில் குடித்தால் மதிய வெயிலுக்கு நன்றாக இருக்கும்.

ஆனி, ஆடியில் நாவல்பழம் வரும்போது அதையும் போடலாம். பழத்தின் நீர் வோட்காவை நீர்த்துப்போகச் செய்யும். சம அளவு போட்டால் 20 சதவீதத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். ஆகவே பழம் மூழ்கியிருக்க வேண்டும், இருப்பிடம் ஃபிரிட்ஜ். காப்பி வேண்டுமென்றால் சிக்கரி கலக்காத வறுத்த முழுக் கொட்டையைப் போட்டு மறுநாளே வடிகட்டிவிடுங்கள்.

குடிக்காதவர்களும் சட்டத்துக்குப் பயந்தவர்களும் செய்யக்கூடியது இஞ்சி ஒயின். பெயரில்தான் ஒயின், நொதித்தல் கிடையாது. கால் கிலோ இஞ்சியை நசுக்கி, ஐந்தாறு காய்ந்த மிளகாய், பட்டை, கிராம்போடு இரண்டு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, முக்கால் கிலோ சர்க்கரையைக் கரைத்து, ஆறியதும் நாலு எலுமிச்சையைப் பிழிய வேண்டும். நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை இரண்டு கரண்டி. ஆல்கஹால் இல்லாததால் இதற்குக் காவலும் இல்லை. ஃபிரிட்ஜுக்கு வெளியே விட்டால் சில நாளில் தானே நொதிக்க ஆரம்பித்து மூடியைத் தூக்கும். பெரம்பூரில் இதைத் தண்ணீர் கலக்காமல் சின்ன டம்ளரில் கொடுப்பார்கள். நான் ஒரு பங்குக்கு மூன்று பங்கு சோடா ஊற்றுவேன். இனிப்பு முன்னால் வந்து, மிளகாய் தொண்டையில் பின்னால் தெரியும்.